கிளிக் சத்தம் வராத சுவிட்சுகள் பற்றிய புகார்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. என் தம்பி ஒரு புகார் எழுதித் தரச் சொன்னான். கீபோர்டுக்கான சுவிட்சுகள் விற்கும் ஒரு கடைக்காரருக்கு, அவர் அனுப்பிய பையில் பாதிக்கு மேல் செத்த சுவிட்சுகள் என்று, கொஞ்சம் காரமாக ஒரு மின்னஞ்சல்.

"நீதான் எழுத்தாளர் ஆச்சே. நாலு வரி நறுக்குன்னு எழுதித் தா. நான் எழுதினா கெஞ்சுற மாதிரி இருக்கும்" என்றான்.

நாலு வரிதானே என்று ஆரம்பித்தேன். முதல் வரி உடனே வந்தது. 'ஐயா, தாங்கள் அனுப்பிய சுவிட்சுகளில் பெரும்பாலானவை கிளிக் என்ற சத்தத்தை எழுப்பவில்லை.' இரண்டாவது வரி வரவில்லை. ஏனென்றால் முதல் வரி பொய். அந்தச் சுவிட்சுகள் பொருத்திய கீபோர்டில்தான் அதை அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கிளிக், கிளிக் என்று என் விரலுக்கு அடியிலிருந்தே எதிர்ப்பேச்சு வந்துகொண்டிருந்தது.

சுவிட்சுகள் சாகவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை. இதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். அதைச் செய்யாமல் உங்களிடம் வந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

2

கீபோர்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். போகமாட்டீர்கள், எங்கே தப்பு விடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சாதாரணக் கீபோர்டு போலன்றி, இந்த வகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கட்டைவிரல் நகம் அளவு, உள்ளே ஒரு ஸ்பிரிங். அதுதான் சுவிட்சு. சத்தமே போடாத சுவிட்சு உண்டு. அழுத்தும்போது லேசாக முட்டிவிட்டு இறங்குவது உண்டு. மூன்றாவது வகை கிளிக் சுவிட்சு. உள்ளே ஒரு குட்டித் துண்டு துள்ளி விழும். பால்பாயிண்ட் பேனாவின் தலையை அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம். பிடித்தவர்களுக்கு அது சங்கீதம். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி. பிடிக்காவிட்டால் ஓர் இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறு சுவிட்சைச் செருகிக்கொள்ளலாம்.

என் தம்பிக்கு, வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிறபடி சின்னவனுக்கு, இந்த வேலையில் பைத்தியம். ஆனால் அவன் அறையில் கிளிக் சுவிட்சு போட முடியாது. அங்கேதான் அவனுடைய தொழில் நடக்கிறது. புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து விற்கிறார்கள் அல்லவா, அந்தப் பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பவன் அவன். வாசிப்பவர் வாயைத் திறக்கும்போது நாக்கு ஒட்டிப் பிரிகிற ஒரு சின்ன 'டிக்' விழும். உதடு பிரியும்போது இன்னொன்று. ஒரு புத்தகம் முழுக்க இதைத் தேடித் தேடி எடுப்பதுதான் அவன் பிழைப்பு. மற்றவர்கள் திரையில் ஓடும் ஒலிக்கோடுகளைப் பார்த்து வெட்டுவார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் வெட்டுவான்.

"கோட்டைப் பாத்து வெட்டுறது தையல்காரர் வேலை" என்பான்.

அறைச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டி வைத்திருக்கிறான். அங்கே சத்தம் கூடாது. ஆகவே அவனுடைய ஆசைக்கெல்லாம் என் மேசையும் என் கீபோர்டும்தான் சோதனைச்சாலை.*

* அந்த அறை என் வீட்டு அறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், ரெண்டு வாரம் இருந்துக்கட்டுமா என்று பெட்டியோடு வந்தான். அந்த வெள்ளை காய்ந்து, மங்கி, அங்கே வேறொரு குடும்பம் குடிவந்து வருஷங்கள் ஆகின்றன. நான் போகச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

3

உடன்பிறந்தவனை அப்படியே பிடித்துக் கதையில் போட மனம் வரவில்லை. அதனால் முதலில் அவனைக் கணவனாக்கிப் பார்த்தேன்.

'என் கணவருக்குக் கீபோர்டு என்றால் உயிர். ஒரு மத்தியானம் அவர் என்னிடம் ஒரு புகார்—'

நின்றுவிட்டது. எனக்குக் கணவர் இருந்த காலத்தில் அவர் என்னை எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. பாத்திரம் ஒட்டவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுக்காரராக்கினேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்றால் எனக்கென்ன தயக்கம்? போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்து என் வேலையைப் பார்த்திருப்பேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்தது.

கடைசியாக, ஆளை விட்டுவிட்டு அவன் வேலையை மாற்றினேன். தரைக்கு ஓடு பதிக்கிறவன் என்று வைத்தேன். ஓடு பதிக்கிறவனுக்குக் கிளிக் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?* கதைக்குள் ஒருவருக்கும் கவலை இல்லை. கவலை இல்லாத கதையை எழுதி என்ன செய்வது.

ஆகவே அவனை அவனாகவே விட்டுவிட்டேன். என் தம்பி, காதை வைத்துப் பிழைப்பவன், நாற்பத்தைந்தைத் தாண்டியவன். மன்னித்துக்கொள் சின்னவனே.

* விசாரித்துப் பார்த்தேன். ஓடு பதிப்பவர்களும் பதித்த பிறகு தட்டித் தட்டிக் கேட்டுத்தான், அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்களாம். காது வேண்டாத வேலையாக ஒன்றைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை.

4

சனிக்கிழமை காலையில் பை வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் இரண்டு டம்ளர்களை வைத்து, அறுவை சிகிச்சைக்குத் தயாராவதுபோல உட்கார்ந்தான்.

"உன் கீபோர்டைக் குடு."

"பாதிக் கட்டுரையில நிக்கிறேன்டா."

"கட்டுரை எங்க ஓடிப்போகப் போகுது? நின்னுகிட்டே இருக்கட்டும்."

விசைகளின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். புள்ளி விசையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். மேலே எழுத்தே இல்லை, வழுக்கையாகிக் கிடந்தது.

"புள்ளிய மட்டும் இப்படித் தேச்சு வச்சிருக்கியே. வேற எழுத்துங்களுக்கும் கொஞ்சம் வேலை குடு."

"மெய்யெழுத்து இல்லாம எழுதச் சொல்றியா?"

சிரித்தான். பிறகு பையைப் பிரித்து, ஒரு சுவிட்சை எடுத்து, வலது காதுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினான். "இது பேசுது" என்று ஒரு டம்ளரில் போட்டான். அடுத்ததை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். "இது செத்தது" என்று மற்ற டம்ளரில் போட்டான்.

நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டும் கேட்டது. இரண்டும் ஒன்றுபோலவே கேட்டது. முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு கட்டத்தில் நான் தலையைத் தூக்கினால் 'ஏமாந்தியா' என்பான் என்று எதிர்பார்த்து, தலையைத் தூக்காமலே இருந்தேன். செத்த டம்ளர் நிறைந்துகொண்டே போனது. அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். வெறும் தட்தட்டுன்னு விழுது. கிளிக்கே இல்ல."

பேசுகிறவை கீபோர்டை நிரப்பப் போதவில்லை. அதனால் நான் அதிகம் அடிக்கிற நடு வரிசையில் அவற்றைப் போட்டான். "செத்ததை எல்லாம் ஓரத்துல போட்டிருக்கேன். அங்க நீ அதிகமா போகமாட்டே. மாத்து வர்ற வரைக்கும் சமாளி" என்றான். எனக்கு நல்லதையும் ஓரத்துக்குக் கெட்டதையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தினான். மிச்சமிருந்தவை டம்ளரிலேயே கிடந்தன.

நான் அந்த டம்ளரிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்து, மேசைக்கு அடியில் கையை வைத்து அழுத்தினேன். கிளிக். அவன் மூடிகளை மாட்டிக்கொண்டிருந்தான். மறுபடியும் அழுத்தினேன். அவன் நிமிரவில்லை. மூன்றாவது முறை அழுத்தியபோது என் தோள் அசைவதைக் கண்டு நிமிர்ந்தான்.

"கீழ என்ன தேடுற?" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "டேய்" என்றேன். "ம்" என்றான். "காபி போடட்டுமா" என்றேன்.

5

இதை அடிக்குறிப்பாகத்தான் போட்டிருக்க வேண்டும். அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள் என்பதால் இங்கேயே சொல்கிறேன். இந்தக் கதையில் முடியாத வாக்கியங்கள் அப்படியே கிடக்கின்றன. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். அழிப்பு விசை மற்றவற்றைவிட நீளமானது. அதை அழுத்தினால் கிளிக்கோடு சேர்ந்து அடித்தொண்டையில் ஒரு 'தொம்' வரும். கிளிக் அவனை எட்டுவதில்லை, தொம் எட்டுகிறது. அறைக் கதவு திறந்திருந்தால் அங்கிருந்தே கேட்பான்: "என்ன அக்கா, இன்னைக்கு அழிப்பு ஜாஸ்தியா இருக்கு?" நான் எழுதுவது அவனுக்குக் கேட்பதில்லை, அழிப்பது கேட்கிறது. அதனால் அழிக்காமல் எழுதுகிறேன். சொல்லுக்குச் சொல் நடுவே தட்டுகிற இடைவெளிப் பட்டையும் நீளம்தான். அது ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கிற வரை, அக்கா எழுதுகிறாள் என்று அவன் நிம்மதியாக இருப்பான்.

ஆகவே பின்வருவனவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே, நீ—'

'ஐம்புலன்களில் காது என்பது—' (கட்டுரை வாடை அடிக்கிறது.)

'அவனுடைய செவியின்—' (செவி என்று எழுதியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காது என்று எழுதும்போது வரவில்லை. காரணம் தெரியவில்லை, காதையே வைத்துக்கொள்கிறேன்.)

6

கதைக்கு வெளியே நடந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இவள் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

சின்னவன் சுத்தம் செய்து தரும் புத்தகங்களை வாசிக்கிற அம்மா ஒருவர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் குரலம்மா. சுவிட்சுகள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அவர் அவனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. போன புத்தகத்துல என் வாய்ச்சத்தம் எல்லாம் அப்படியே இருக்கு. வரிக்கு வரி இருக்கு. பதிப்பகத்துல கேட்டுட்டு, வேற ஆள் பாக்கலாமான்னு பேசிக்கிறாங்க. அடுத்த புத்தகம் வரட்டும், அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"வேலை ஜாஸ்தி அவனுக்கு" என்றேன்.

"நான் பேசினேன்னு சொல்லாதீங்க. பத்து வருஷமா என் குரலை அவர்தான் பாத்துக்கிட்டிருக்கார்."

அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தேன். குரலம்மாவின் வாய்க்குள் யாரோ உட்கார்ந்து பேனாவை அழுத்தி அழுத்தி விளையாடுவதுபோல இருந்தது. அவனோ அதைச் சுத்தமாக முடித்துவிட்டதாகத்தான் அன்று என்னிடம் சொன்னான். துணி துவைக்கும் இயந்திரம் முடிந்து கீச்சுக் கீச்சென்று கத்தும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பான். சோம்பேறி என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, "முடிஞ்சிடுச்சா?" என்பான். உண்மையாகத்தான் கேட்டிருக்கிறான். கீச்சென்ற மெல்லிய சத்தங்களில் இம்மி உரத்தவை மட்டும்தான் இப்போது அவனை எட்டுகின்றன.

அடுத்த புத்தகத்தை இந்த வெள்ளிக்கிழமை ஒப்படைக்கிறான். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அதற்குள் சொன்னால், அவன் கண்ணைத் திறந்து, திரையைப் பார்த்து, கோட்டைப் பார்த்து வெட்டலாம். டிக் சத்தம் கோட்டில் ஒரு முள்போலத் தெரியும், அவனே எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறான். வேலை பிழைக்கும். சொல்லாவிட்டால் பதிப்பகம் சொல்லும். அவர்களுக்கு அவன் யாரோ ஒருவன், ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. காது மருத்துவர் சின்ன விளக்கைப் பிடித்து அவன் காதுக்குள் எட்டிப் பார்க்கிறார். "இவ்வளவு அழுக்கை வச்சுக்கிட்டா சார் சவுண்டு வேலை பாக்குறீங்க?" என்கிறார். ஒரு பீச்சாங்குழல், கொஞ்சம் வெந்நீர். வீட்டுக்கு வருகிறோம். துணி இயந்திரம் கத்துகிறது. "அக்கா, இது ஏன் இப்படிக் காதைக் கிழிக்குது?" என்று எரிந்து விழுகிறான். நான் சமையலறையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நடக்காது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கவனித்தீர்களா? நான் அவனிடம் சொல்லும் காட்சியே இதில் இல்லை. நைசாகத் தாண்டி, நேரே மருத்துவரிடம் போய்விட்டேன்.

முடிவு இரண்டு. அவனிடம் சொல்லவே இல்லை. அவன் வெளியே போகிற நேரம் பார்த்து அவன் அறைக்குள் போகிறேன், ஹெட்போனை மாட்டுகிறேன், டிக் டிக் என்று கேட்கும் இடங்களை எல்லாம் நானே வெட்டுகிறேன். பதிப்பகம் பாராட்டுகிறது. அவனுக்குச் சந்தோஷம். வருஷக்கணக்கில் இப்படியே ஓடுகிறது.

இதில் நான் நல்லவள். அதனால்தான் இதை இவ்வளவு வேகமாக எழுதினேன். திரும்பப் படித்தால், இதில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

முடிவு மூன்று. அவன் தானாகவே ஒருநாள்—

8

மூன்றாவது முடிவு ஏன் அப்படி நின்றது என்றால், அந்த இடத்தில் நான் கையை எடுத்துவிட்டேன். வெகு நேரம் திரும்ப வைக்கவில்லை போலிருக்கிறது. இடைவெளிப் பட்டையின் சத்தம் நின்றதைக் கேட்டு அவன் எழுந்து வந்தான். இந்தப் பகுதியை மறுநாள் எழுதுகிறேன்.

"புகார் முடிஞ்சுதா?"

"கதையாயிடுச்சு."

"நாலு வரி கேட்டேன்."

"தெரியும்."

"சரி, வாசி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

நான் எழுதும் எதையும் அவன் கண்ணால் படித்ததில்லை. நான் வாசிப்பேன், அவன் கேட்பான். அச்சுக்குப் போகிற எல்லாமே அப்படித்தான் போகிறது. 'அந்த வாக்கியம் இடிக்குது' என்பான், இடிக்கத்தான் செய்யும். என் குரல் கட்டைக் குரல். அது இன்னும் அவனுக்குக் கேட்கிறது.

சில பகுதிகளைத் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். வாயில் வந்ததை இட்டுக்கட்டி வாசிக்கலாமா என்றும் யோசித்தேன், எனக்கு அது கைவந்த கலை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பி உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் அதைச் செய்ய முடியவில்லை. முதலிலிருந்து வாசித்தேன். 'முதல் வரி பொய்' என்ற இடத்தில் சிரித்தான். 'சுவிட்சுகள் சாகவில்லை, அவனுக்குக் கேட்கவில்லை' என்று வாசித்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அவன் முகத்திலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டான். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும், வாசிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. கணவன், ஓடு பதிப்பவன், டம்ளர், குரலம்மா, எல்லாம் வாசித்தேன். மருத்துவர் வந்து போனார். அறுந்து கிடந்த மூன்றாவது முடிவையும் வாசித்தேன்.

கண்ணைத் திறந்தான்.

"டாக்டர் வர்ற இடம் நல்லா இருக்கு."

"ம்."

"குரலம்மா நெஜமாவே பேசினாங்களா?"

"பேசினாங்க."

"மேசைக்கு அடியில மூணு தடவையும் கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சுடா."

தலையை ஆட்டினான். எழுந்து போனான். கதவைச் சாத்திக்கொள்வான் என்று நினைத்தேன். சாத்தவில்லை. செத்த சுவிட்சுகள் கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, முன்பைவிடக் கிட்டத்தில், முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். ஒன்றை எடுத்து என் காதருகே வைத்து அழுத்தினான்.

"இது?"

"கேக்குது."

அதை மேசைமேல் வைத்தான். அடுத்தது.

"இது?"

"கேக்குது."

ஒவ்வொன்றாக எடுத்தான். நான் ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவன் கேட்பதை விட்டுவிட்டான். அழுத்துவான், என் முகத்தைப் பார்ப்பான், நான் தலையசைப்பேன், அதை ஓரமாக வைப்பான். அவசரப்படவில்லை. தொழில் செய்கிற அதே பொறுமையோடு செய்தான். கண் மட்டும் திறந்திருந்தது. எந்தக் கடைக்காரராவது நூறு சுவிட்சுக்கு ஒன்றாவது பழுதாக அனுப்பாமல் இருப்பாரா, இந்த மனிதர் மட்டும் ஏன் இவ்வளவு நேர்மையாக இருந்து தொலைத்தார் என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

டம்ளரில் இன்னும் ஒன்றிரண்டு இருந்தன.

"ஒண்ணாவது இல்லைன்னு சொல்லேன் அக்கா" என்றான்.

கெஞ்சவில்லை. தண்ணீர் கேட்பதுபோல, சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு அடுத்ததை எடுத்து என் காதருகே கொண்டுவந்தான். அழுத்தினான். இருந்ததிலேயே அதுதான் மிகத் தெளிவாக ஒலித்தது. நான் வாயைத் திறந்தேன்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்கும் அவனுக்கும் இடையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாளிருக்கிறது. உங்கள் கதைக்கு நீங்களே ஒரு பதிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கேக்குது என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. எதைச் சொன்னாலும், சொல்லும்போது அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.